நாற்பத்தொரு நிமிடத் தெரு

முள்ளிக்குப்பத்தில் ஒன்பது பேரை அடக்கம் செய்துவிட்டு வந்த மறுநாள் காலையில், பால் பாக்கெட் வாங்கக் கிளம்பிய பெண்கள்தான் அதை முதலில் கேட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சல்லடைக்காரர்கள் வாசித்த வாசிப்பு எங்கும் போகாமல், மெயின் ரோட்டு முனையிலிருந்து கழிமுகம் வரைக்கும், வீட்டுக்கு வீடு, வாசலுக்கு வாசல், அன்றைக்கு வந்த வரிசையிலேயே தெருவில் நின்றுகொண்டிருந்தது. படகு எஞ்சின் ஷெட் வாசலில் ஏகாம்பரம் டிரம்ஸில் போட்ட முதல் அடி. நாலு எட்டு வைத்தால் நவநீதனின் கிடார் தொண்டையைக் கனைத்துக்கொள்வது. இஸ்திரிக்காரர் வாசலுக்கு வந்தால் ரோஸ்லினின் சாக்சபோன் மூச்சை உள்ளே இழுப்பது. நடந்தால் வாசிப்பும் நடந்தது, நின்றால் நின்றது, பின்பக்கமாக நடந்தால் பின்பக்கமாகப் போனது. பெண்கள் பாலை வாங்கிக்கொண்டு அதன் வழியாகவே திரும்பி வந்து அடுப்பைப் பற்றவைத்தார்கள், ஏனென்றால் சாவு விழுந்த வீட்டிலும் மிச்சம் இருப்பவர்கள் காபி குடித்தாக வேண்டும்.

சல்லடை என்பது மூன்று பேர் சேர்ந்த இசைக்குழு. ரோஸ்லினுக்கு முப்பத்தாறு வயது, கழிமுகத்துக்கு அக்கரையில் இருந்த இறால் கம்பெனியில் பதினோரு வருஷமாக இறால் உரித்து விரல் நுனியெல்லாம் வெடித்துப்போனவள், கல்யாணத்துக்கும் சாவுக்கும் பேண்டு வாசித்த அப்பா விட்டுப்போன சாக்சபோனை அந்த வெடித்த விரல்களாலேயே வாசித்தாள். ஏகாம்பரம் படகு எஞ்சின் மெக்கானிக், அவருடைய ஷெட்டில்தான் ஒத்திகை. நவநீதன் ஸ்பீக்கர் ரிப்பேர் பார்ப்பவன், ரிப்பேர் ஆகாத மூன்று ஆம்ப்ளிஃபயர்களை ஒன்றுக்குள் ஒன்று சொருகி அதில் கிடாரை மாட்டினான், அந்த மூன்றும் சேர்ந்து போட்ட கூச்சலுக்குப் பயந்து ஷெட்டுப் பக்கம் நாய்கூட ஒதுங்குவதில்லை. ராகம் கிடையாது, பாட்டு கிடையாது, ஆரம்பம் என்று ஒன்று இருக்கும், மற்றபடி மூன்று பேரும் மூன்று பக்கம் இழுத்துக்கொண்டு ஓடி, எங்கேயோ ஓரிடத்தில் மூச்சு வாங்கி நிற்பார்கள். தெரு அவர்களுக்கு மிக்ஸி செட்டு என்று பெயர் வைத்திருந்தது. நகரத்தில் ஒரு கட்டடத்தின் அடித்தளத்தில் முப்பது தாடிக்காரர்கள் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்து கேட்டு, இது ஃப்ரீ ஜாஸும் நாய்ஸ் ராக்கும் கலந்தது என்று பத்திரிகையில் எழுதினார்கள் என்றபோது, இதற்கெல்லாம் பேர் வேறு வைத்துவிட்டார்களா என்று முள்ளிக்குப்பம் ஒரு வாரம் சிரித்தது.

அவர்களுக்கு ஒரே ஒரு சட்டம் இருந்தது. வாசித்துக்கொண்டிருக்கும்போது வெளியிலிருந்து எந்தச் சத்தம் வந்தாலும் அதைத் தொந்தரவு என்று நினைக்கக் கூடாது, வாங்கிக்கொள்ள வேண்டும். கூட்ஸ் வண்டி போனால் கூட்ஸ் வண்டியை வாங்கி வாசிப்பார்கள், குக்கர் விசில் அடித்தால் விசிலை வாங்குவார்கள், மீன் வண்டிக்காரன் பாம்பாம் ஹாரன் அடித்தால் ரோஸ்லின் அதை அப்படியே வாங்கி மூன்று மடங்காகத் திருப்பிக் கொடுப்பாள், வண்டிக்காரன் சைக்கிளை நிறுத்திவிட்டு ஷெட்டைப் பார்த்துக் கும்பிடுவான். தெருவுக்கு இந்த விளையாட்டு மட்டும் பிடித்திருந்தது. பிள்ளைகள் ஷெட் ஜன்னலுக்கு வெளியே நின்று தட்டைத் தட்டிவிட்டு, உள்ளிருந்து தட்டு திரும்பி வருகிறதா என்று காத்திருப்பார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் திருவிழா முடிந்திருந்தது. திருவிழாவுக்குக் கட்டிய கூம்பு ஸ்பீக்கர்களை இன்னும் அவிழ்க்கவில்லை, தெரு முழுக்க ஒவ்வொரு கம்பத்திலும் இரண்டிரண்டு தொங்கின. நம்ம தெருவுக்கு ஒருநாள் ஒழுங்காக வாசித்துக் காட்டலாமே என்று நவநீதன் ஒயரை இழுத்து மாட்டினான், ஊர்த்தலைவர் தனகோட்டி நாட்டாரும் சரி என்றார். ஐந்து மணிக்கு ஆரம்பித்தார்கள். ஐந்து இருபத்தெட்டுக்கு அக்கரையில் கம்பெனியின் குளிர்பதன அறைக்குப் போகும் அம்மோனியா குழாய், கண் எரிகிறது கண் எரிகிறது என்று பெண்கள் மூன்று மாதமாகச் சொல்லியும் யாரும் மாற்றாத துருப்பிடித்த குழாய், வெடித்தது. வாச்மேன் ஓடிப்போய்ச் சங்கை அழுத்தினான். கம்பெனிச் சங்கு முள்ளிக்குப்பத்துக்கு நன்றாகத் தெரிந்த சத்தம், காலை ஷிப்டுக்கும் சாப்பாட்டுக்கும் வீடு திரும்புவதற்கும் அதுதான் ஊதும். ஆனால் அன்று அது கூம்பு ஸ்பீக்கர்களின் இரைச்சலுக்கு நடுவில் வந்தது, ரயிலும் குக்கரும் மீன் ஹாரனும் வாசித்து முடித்த பிறகு வந்தது, வந்த அடுத்த மூச்சிலேயே ரோஸ்லினின் சாக்சபோன் அதைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறியது. பார்ரா, இன்னிக்கு சங்கையே வாசிக்கிறாங்க என்று சொல்லித் தெரு உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தது. காற்று கழிமுகத்திலிருந்து தெருவுக்குள் அடித்துக்கொண்டிருந்தது.

பதின்மூன்று நிமிடம் அப்படி வாசித்தார்கள். ஏகாம்பரத்துக்குக் கண்ணில் தண்ணீர் வழிந்து, குச்சியைக் கீழே போட்டுவிட்டு அவர் ஷெட் கதவைத் திறந்தபோது மணி ஐந்து நாற்பத்தொன்று. ஈரத்துணியை மூக்கில் கட்டிக்கொண்டு கழிமுகத்துப் பக்கம் ஓடியவர் நாலு பேரை இழுத்துக்கொண்டு வந்தார். அதில் ஒருத்தி ஜெசிந்தா, ரோஸ்லினின் அக்கா மகள், பத்தொன்பது வயது. அக்கா பிலோமினாவை அவரால் தூக்க முடியவில்லை.

ஆக, சத்தம் தெருவில் தங்கிவிட்டது. முதல் பத்து நாள் காதில் பஞ்சைத் திணித்துக்கொண்டு திரிந்தவர்கள் பதினோராம் நாள் பஞ்சை எடுத்து விளக்குத் திரிக்குப் போட்டார்கள். டீக்கடை டிரம்ஸுக்கு நேராக இருந்ததால் அங்கே டீ ஆற்றுகிறவர் கை தானாகவே அதற்கு ஏற்ப ஏறி இறங்கியது, நுரை நன்றாக வருகிறது என்று பக்கத்துக் குப்பத்துக்காரர்களும் வந்தார்கள். தெரு நடுவில், மூன்று பேரும் களைத்துப்போய் ரோஸ்லின் மட்டும் வெறும் காற்றை ஊதிய அரை நிமிடம் ஒரு வேப்பமரத்தடியில் விழுந்திருந்தது, தூங்காத குழந்தைகளை எல்லாம் அங்கே கொண்டுவந்து தோளில் போட்டுத் தட்டினார்கள். கிடார் கிழித்துக்கொண்டு கத்தும் இடத்தில் இருந்த வீட்டுக்காரர்கள் காலி செய்து போனார்கள், காது கேளாத டெய்லர் ஒருவர் குடிவந்தார், சுவரில் கையை வைத்தால் கூசுகிறது என்பதைத் தவிர அவருக்கு எந்தக் குறையும் இல்லை. கல்யாணத் தரகர் வரன் பார்க்கும்போது பெண் வீடு எந்தச் சத்தத்தில் இருக்கிறது என்று கேட்டுக்கொண்டார். கூரியர்காரனுக்கு வழி சொல்லும்போது, கூட்ஸ் வண்டி வர்ற இடத்தாண்ட வந்து ரைட்டுல பாரு என்றார்கள், அவனும் கூட்ஸ் வண்டி வரும் இடத்தில் நின்று சரியாகவே ரைட்டில் பார்த்தான். சைக்கிளில் முழுத் தெருவையும் ஒரே மிதியாக மிதித்தால் நாற்பத்தொரு நிமிடமும் கீச்சென்று ஒரு கோடாகப் போகும் என்பதைக் கண்டுபிடித்த பிள்ளைகளை மட்டும் பெரியவர்கள் அடித்தார்கள்.

ஏனென்றால் அந்தக் கோட்டின் கடைசிப் பகுதி சங்கு. அடிபம்புக்கு நேராக அது ஆரம்பித்தது, அங்கிருந்து கழிமுகம் வரை இருந்த இருபத்திரண்டு வீடுகளும் அதற்குள் இருந்தன, செத்த ஒன்பது பேரும் அந்த வீட்டுக்காரர்கள்தான். அங்கே இரண்டு குரல் ஒன்றை ஒன்று கவ்விக்கொண்டு ஏறி இறங்கின. எது கம்பெனியினுடையது, எது சாக்சபோன் என்று ஒருவராலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. தண்ணீருக்குப் பம்படிக்கு வரும் பெண்கள் வாயைத் திறக்காமல் அடித்து, நிரப்பி, தூக்கிக்கொண்டு போனார்கள். ஏகாம்பரம் குச்சிகளை எஞ்சினில் அடைப்பாக வைத்துவிட்டார், நவநீதன் பெங்களூரில் ஏதோ மாலில் மைக் மாட்டும் வேலைக்குப் போய்விட்டான். ரோஸ்லின் மட்டும் போகவில்லை. ஜெசிந்தாவுக்கு நுரையீரல் பாதி வெந்துபோயிருந்தது, அவளுக்கு வேறு யாரும் இல்லை, ரோஸ்லினுக்கும் வேறு யாரும் இல்லை. அக்கா வீட்டுக்கே குடிவந்தாள், சங்கு உச்சத்தில் நின்று ஊதும் வாசலுக்கு.

ரோஸ்லினுக்கு மட்டும் இரண்டு குரலையும் பிரிக்கத் தெரியும். அந்தச் சங்குக்கு உச்சிக்குப் போகும்போது ஒரு விக்கல் உண்டு, பதினோரு வருஷமாக அந்த விக்கலைக் கேட்டுத்தான் சாப்பாட்டுக்குக் கை கழுவியவள் அவள். அன்று அது வந்தபோதே அவள் உடம்புக்குத் தெரிந்தது. இன்று ஞாயிற்றுக்கிழமை, ஷிப்டு இல்லை, சங்கு ஊத எந்தக் காரணமும் இல்லை என்பதும் தெரிந்தது. தெரிந்த அந்த நொடியில் அவள் வாயை எடுக்கவில்லை, வாங்கினாள். அந்த விக்கலையும் சேர்த்து வாங்கித் திருப்பிக் கொடுத்தாள், வாழ்க்கையில் அவ்வளவு நன்றாக அவள் வாசித்ததே இல்லை, சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தை நினைக்கும்போதெல்லாம் அவளுக்குத் தன் வாயைத் தைத்துவிடலாம் போலிருந்தது. ஏகாம்பரம் தனக்குத் தன் சத்தத்தைத் தவிர எதுவும் கேட்காது என்றார், அது உண்மைதான். நவநீதன் எதையும் சொல்லாமலேயே போய்விட்டான். ஜெசிந்தா ஏழு மாதமாகத் தினமும் வாசலில் உட்கார்ந்து தலையைச் சாய்த்துக்கொண்டே இருந்தாள், அந்தச் சாயங்காலம் வீட்டுக்குள் என்ன நடந்தது என்று அவளும் சொல்லவில்லை, ரோஸ்லினும் கேட்கவில்லை. கேட்டால் அவள் திருப்பிக் கேட்பாள், உனக்குத் தெரிந்ததா சித்தி என்று. இந்த ஒரு கேள்விக்குப் பயந்து ஏழு மாதம் இரண்டு பேரும் சாப்பாட்டைப் பற்றியும் மாத்திரையைப் பற்றியும் மட்டும் பேசினார்கள்.

விசாரணைக்கு அரசாங்கம் ஒரு பெண் அதிகாரியை அனுப்பப்போகிறது என்று செய்தி வந்தது. கம்பெனியின் வக்கீல் எழுதிக் கொடுத்திருந்தார்: குழாய் வெடித்த அரை நிமிடத்துக்குள் சங்கு ஊதப்பட்டது, சட்டவிரோதமாக ஒலிபெருக்கி வைத்து வாசித்தவர்கள்தான் அதை அமுக்கினார்கள், ஒன்பது சாவுக்கும் அவர்களே பொறுப்பு. தெரு எழுதிக் கொடுத்தது: சங்கே ஊதப்படவில்லை. தனகோட்டி நாட்டார் ரோஸ்லினைத் தேடி வீட்டுக்கு வந்தார். ஜெசிந்தா ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாள்.

"அந்தம்மா வெள்ளிக்கெழம தெருவுல நடந்து கேக்கப்போவுது ரோஸு. பம்பாண்ட வந்தா ரெண்டு கொரல் கேக்கும். ரெண்டும் எங்களுதுன்னு நீ சொல்லணும். ஒண்ணு சாக்சு, ஒண்ணு கிடாரு. அவ்ளோதான்."

"நம்புமா?"

"வாசிச்சுக் காட்டுன்னு சொல்லும். நீ வாசி. உன்னால முடியாதா இன்னா? அவனுங்க சங்க மறுநாளே கூரையிலேந்து கழட்டி எங்கியோ தூக்கிக்கினு பூட்டானுங்க. ஒத்துப்பாக்க அவனுங்களாண்ட ஒண்ணும் இல்ல."

ரோஸ்லின் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அண்ணே, சங்கு ஊதுச்சு" என்றாள்.

தனகோட்டி எழுந்து வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டார். அவருடைய தம்பி மனைவியும் அந்த ஒன்பதில் ஒருத்தி.

"நீ இப்ப ஒண்ணும் சொல்லல, நானும் ஒண்ணும் கேக்கல. பைப்பு துருப்புடிச்சது நீ ஊதியா? மூணு மாசம் கண்ணு எரியுதுன்னு நம்ம பொம்பளைங்க கத்துனது எவன் காதுல உழுந்துச்சு? இப்ப உன்னிய காட்டிட்டு அவன் வெளிய பூடுவான். அப்பால அக்கரையில இன்னொரு பைப்பு போடுவான். அது உனுக்கு சம்மதமா?"

சம்மதம் இல்லை. அதனால் அவள் ஒத்துக்கொண்டாள். ஆனால் அதிகாரியிடம் ஒரு பேச்சும், வெள்ளிக்கிழமை முடிந்து வீட்டுக்கு வந்ததும் ஜெசிந்தாவிடம் வேறு பேச்சும் என்று மனதுக்குள் முடிவு செய்துகொண்டாள். அரசாங்கத்துக்குச் சொல்லும் பொய்யை அவளால் தாங்க முடியும், அக்கா மகளோடு ஒரே பாயில் படுத்துக்கொண்டு அதே பொய்யைத் தாங்க முடியாது. ஜெசிந்தா வெறுத்தாலும் பரவாயில்லை, வீட்டை விட்டுப் போகச் சொன்னாலும் பரவாயில்லை, இந்த ஒரு ஆளுக்காவது உண்மை தெரிய வேண்டும் என்று நினைத்தாள்.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு அதிகாரி குடையோடு வந்தார். ஷெட் வாசலில் ஆரம்பித்து மெதுவாக நடந்தார், கூட வந்த குமாஸ்தா ஒவ்வொரு பத்தடிக்கும் எழுதினார், கம்பெனி வக்கீல் கைக்குட்டையால் காதைப் பொத்திக்கொண்டு பின்னால் வந்தார். வேப்பமரத்தடியில் அதிகாரி சற்று நேரம் நின்றார், அங்கே தூங்கிக்கொண்டிருந்த குழந்தையைப் பார்த்தார். பம்படிக்கு வந்ததும் குடையை மடக்கினார்.

"இது யாரோட சத்தம்மா?"

"எங்களோடது" என்றாள் ரோஸ்லின்.

"இதை இப்ப வாசிக்க முடியுமா?"

பம்புக்குப் பக்கத்துக் கம்பத்தில் தனகோட்டி ஒரு மைக்கும் ஒரு கூம்பு ஸ்பீக்கரும் ஏற்கெனவே கட்டிவைத்திருந்தார். நாளைக்கு ரோஸு வாசிப்பாள், சங்கு மாதிரிக் கேட்கும், யாரும் பயப்பட வேண்டாம் என்று முந்தின நாளே வீடு வீடாகப் போய்ச் சொல்லியும் ஆயிற்று. தெரு முழுக்க வாசலுக்கு வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றது. ரோஸ்லின் ஏழு மாதமாகத் திறக்காத பெட்டியைத் திறந்து, பச்சை பிடித்திருந்த வாத்தியத்தைத் துடைத்து, வாயில் வைத்தாள்.

கீழிருந்து ஆரம்பித்து, மெல்ல ஏற்றி, உச்சிக்குப் போகும் இடத்தில் அந்த விக்கலையும் வைத்து ஊதினாள். காற்றில் நின்றுகொண்டிருந்த சத்தமும் அவள் ஊதிய சத்தமும் ஒன்றின் மேல் ஒன்று சரியாக உட்கார்ந்தன, எது பழசு எது புதுசு என்று தெரியவில்லை. மூன்றாவது ஏற்றத்தில் ஒரு பெண் தோளில் இருந்த பிள்ளையை இறுக்கிப் பிடித்தாள். நான்காவதில் அவள் ஓடத் தொடங்கினாள். பிறகு எல்லாரும் ஓடினார்கள், அடுப்பில் உலையை அப்படியே விட்டுவிட்டு, முடியாதவர்களைத் தோளில் அள்ளிக்கொண்டு, செருப்பில்லாமல், மூக்கில் முந்தானையை வைத்து, மெயின் ரோட்டைப் பார்க்க ஓடினார்கள். இது ரோஸு வாசிப்பது என்று அத்தனை பேருக்கும் தெரியும், தெரிந்துகொண்டேதான் ஓடினார்கள். எல்லாவற்றையும் ஏற்பாடு செய்த தனகோட்டி ஓடினார், காது கேளாத டெய்லர் மற்றவர்கள் ஓடுவதைப் பார்த்து ஓடினார், குமாஸ்தா எழுதும் அட்டையைப் போட்டுவிட்டு ஓடினார், கம்பெனி வக்கீல் எல்லாருக்கும் முன்னால் ஓடித் தன் காரில் ஏறிக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். ரோஸ்லின் ஊதுவதை நிறுத்தவில்லை, அன்றைக்கு ஓடாத ஓட்டத்தைக் கண் முன்னால் பார்த்துக்கொண்டு, கண்ணீர் கன்னத்தில் வழிய வழிய ஊதிக்கொண்டே இருந்தாள்.

"போதும்மா" என்றார் அதிகாரி. அவர் மட்டும் பம்பின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். குமாஸ்தா போட்டுவிட்டுப் போன அட்டையை எடுத்து அவரே எழுதினார்: சாட்சி வாசித்துக் காட்டிய ஒலியும் தெருவில் உள்ள ஒலியும் ஒன்றே, சங்கு தனியாக ஊதப்பட்டதற்கு ஆதாரம் இல்லை. எழுதியதைப் படித்துக் காட்டி ரோஸ்லினிடம் கையெழுத்து வாங்கினார். முள்ளிக்குப்பம் ஜெயித்தது. ஓடிப்போனவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள்.

வீட்டுக்கு வந்தபோது ஜெசிந்தா வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தாள், கையில் இன்ஹேலர். வீட்டுக்கு முன்னால் மண்ணில் அவள் காலடியே இல்லை.

"நீ ஓடலியா?" என்றாள் ரோஸ்லின்.

"எதுக்கு ஓடணும்? நீதான வாசிக்கிற."

ரோஸ்லின் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். வரும் வழியெல்லாம் சேர்த்துவைத்த வார்த்தைகளை வாய்க்குக் கொண்டுவந்தாள். "ஜெசி, உன்னாண்ட ஒண்ணு சொல்லணும்" என்றாள்.

"நான் மொதல்ல சொல்லிடறேன் சித்தி. இன்னிக்கு உட்டா எப்பவும் சொல்ல மாட்டேன்." பேசுவதற்கு அவள் இரண்டு தடவை மருந்தை இழுக்க வேண்டியிருந்தது. "அன்னிக்கு அம்மா எழுந்துடுச்சு. சங்கு ஊதுற மாதிரி கீதுடி, ஞாயித்துக்கெழம எதுக்கு ஊதுறான்னு சொல்லிக்கினே செருப்பு தேடுச்சு. கதவாண்ட கூட பூடுச்சு. நான்தான் கையப் புடிச்சு இஸ்துக்கினு வந்தேன். அது சித்தி வாசிக்குதும்மா, ரயில் வாசிக்கல? குக்கர் வாசிக்கல? அந்த மாதிரிதான், காலு வீங்கிக் கெடக்குது, நீ பேசாம படுன்னு சொன்னேன். படுத்துக்கிச்சு."

வாசலில் இரண்டு குரலும் உச்சியில் நின்றன.

"டெய்லி இங்க குந்திக்கினு கேக்குறேன். எது நீ, எது கம்பெனின்னு பிரிச்சுப் பாக்குறேன், முடியல. ஒரு நாளு நீன்னு தோணும், ஒரு நாளு சங்குன்னு தோணும். சங்குன்னு தோணுற அன்னிக்கு செத்துடலாம்னு இருக்கும். இன்னிக்கு கண்ண மூடிக்கினு கேட்டேன். அதேதான் சித்தி, கொஞ்சங்கூட மாறல. அப்ப நான் அம்மாவாண்ட தப்பா சொல்லல, இல்ல? அது நீதான?"

ஜெசிந்தா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரோஸ்லினுக்கு இரண்டு குரலும் தனித்தனியாக, ஒன்று முன்னால் ஒன்று பின்னால், தெளிவாகக் கேட்டன.

"நான்தாண்டி" என்றாள். "வேற யாரு? நான்தான் வாசிச்சேன்."

"சங்கு ஊதவே இல்லல்ல?"

"ஊதவே இல்ல."

ஜெசிந்தா தலையாட்டினாள், இன்னொரு தடவை தலையாட்டினாள், பிறகு சித்தியின் தோளில் சாய்ந்து, நெஞ்சு கரகரக்க, ஏழு மாதத்தில் முதல் தடவையாகச் சத்தம் போட்டு அழுதாள். அழுது முடித்துப் பசிக்கிறது என்றாள். "நீ ஏதோ சொல்லணும்னியே சித்தி?"

"ஒண்ணும் இல்ல. கொழம்பு காலையில வெச்சது, சூடு பண்ணணும், அதான்" என்று ரோஸ்லின் எழுந்து உள்ளே போனாள்.